மயக்க ஊசித் துப்பாக்கியும் இடமாறு தோற்றப் பிழையும்

திருப்பதி மாவட்டத்தின் சேஷாசலக் காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. சித்தூர் மாவட்டத்தின் கௌண்டின்யா சரணாலயத்தில் யானைகள் உலவுகின்றன. 2023 ஆகஸ்டில் திருமலை நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தை தாக்கி உயிரிழந்தாள். அதன்பின் சில சிறுத்தைகள் கூண்டு வைத்துப் பிடிக்கப்பட்டன. கூண்டு பயன்படாத இடங்களில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்று மயக்க ஊசி செலுத்துவதுண்டு. அழுத்தப்பட்ட வாயுவால் ஊசியை உந்தும் இத்துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கியின் இனத்தைச் சேர்ந்ததே. ஊசி தொடை அல்லது தோளின் தசையில் பதிய வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்தால் விலங்கின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே குறிபார்க்கும் தொலைநோக்கி பிழையற்றிருத்தல் அவசியம். அதனுள் பொருளருகு வில்லை தோற்றுவிக்கும் பிம்பமும் குறுக்குக் கம்பிகளும் ஒரே தளத்தில் அமையாவிடில், கண் அசையுந்தோறும் கம்பிகள் இலக்கின்மீது நகர்வதாகத் தோன்றும். குவிவில்லைச் சோதனையில் இரு குண்டூசிகளைக் கொண்டு மாணவர் நீக்கும் இடமாறு தோற்றப் பிழையே இதுவும்.

பிழையின் அளவைக் கணக்கிடுவதும் எளிது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையுடன் 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்ட தொலைநோக்கியால் 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்குவதாகக் கொள்வோம். கண் வில்லையின் விளிம்பை ஒட்டி நின்றால், குறி ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் வரை விலகக்கூடும். தூரத்தைத் தவறாக மதிப்பிடுவதாலும் காற்றாலும் நேரும் விலகலுடன் இதுவும் சேர்ந்துகொள்ளும்.

சரிசெய்யும் முறை வருமாறு. முதலில் வெண்ணிறச் சுவரையோ வெளிர்வானத்தையோ நோக்கி, கம்பிகள் தெளிவாகத் தெரியும்வரை கண்ணருகு வில்லையைத் திருப்ப வேண்டும். சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது. அடுத்து, இலக்கின் தூரத்திற்கேற்பப் பொருளருகு வளையத்தையோ பக்கச் சக்கரத்தையோ திருப்பி, பிம்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பின்னர், குண்டும் ஊசியும் இடப்படாத துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் அசையாது வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிறிது அசைத்துப் பார்க்க வேண்டும். கம்பிகள் இலக்கைவிட்டு நகராவிடில் பிழை நீங்கியதென அறியலாம்.

குறியமைப்பைத் திருத்துவது இதற்குப் பின்னரே. பயிற்சிக் காற்றுத் துப்பாக்கியால் 25 மீட்டரில் ஐந்து முறை சுட்டு, குண்டுகள் பதிந்த கூட்டத்தின் மையத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கால் பாகை நிமிடத்திற்கு ஒரு சொடுக்கு என அமைந்த திருகு, அத்தூரத்தில் சொடுக்கு ஒன்றுக்குச் சுமார் 1.8 மில்லிமீட்டர் குறியை நகர்த்தும். மையம் 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் பத்துச் சொடுக்குகள் போதும். மயக்க ஊசி கனமானது. அதன் பாதை வேறு. எனவே அத்துப்பாக்கியைப் பயிற்சி ஊசிகளைக் கொண்டு, பயன்படுத்தவிருக்கும் தூரத்திலேயே தனியாகச் சோதிக்க வேண்டும்.

இவ்வரிசை மாறினால், கண்ணின் பிழையைத் துப்பாக்கியின் பிழையெனக் கருதித் திருகைத் திருப்ப நேரிடும்; அடுத்த முறை தலை வேறிடத்தில் நின்றால் குறி மீண்டும் தவறும். திரும்பச் சுட்டுப் பார்க்க அவகாசம் பயிற்சிக் களத்தில் உண்டு. சிறுத்தையின் முன் இல்லை.