80 மைல், மூன்று கணவாய்கள்

கொலராடோவில் ரிஜ்வேயிலிருந்து டுராங்கோவுக்குச் சுமார் 80 மைல். ரிஜ்வே ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, டுராங்கோ 6,500 அடியில். ஆரம்பமும் முடிவும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் என்பதால், வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இடையில் ரெட் மவுண்டன் கணவாய் 11,018 அடி, மோலாஸ் கணவாய் 10,900 அடிக்கு மேல், கோல் பேங்க் கணவாய் 10,640 அடி. ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்க வேண்டும். காரில் போகிறவருக்கு இது அழகான பயணம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் கொண்ட ஆர்.வி.யை, அதாவது ஒரு சின்ன வீட்டையே, இழுத்துக்கொண்டு போகிறவருக்கு இது ஒரு முழு நாள் வேலை. அவர் மைலை ஓரமாக வைத்துவிட்டு உயரத்தைக் கணக்குப் போட வேண்டும்.

அந்த வேலை முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் அந்த உயரத்தில் பகல் வெயில் இதமாக இருக்கும்; இரவில் நீர் உறையவும் கூடும். முகாமின் குழாயிலிருந்து வண்டிக்கு வரும் ரப்பர் ஹோஸை மாட்டியபடியே விட்டுத் தூங்கினால், அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு காலையில் அது கம்பிபோல் விறைத்துக் கிடக்கும். குழாய் இணைப்புகளும் வெடிக்கலாம். அதனால் மாலையிலேயே வண்டியின் தொட்டியில் தண்ணீர் பிடித்து, ஹோஸைக் கழற்றி, நீரை வடித்துச் சுருட்டி வைத்துவிடுவார்கள். தொட்டியை நிரப்புவதிலும் கணக்கு உண்டு. 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அத்தனையையும் மூன்று மலைமேல் ஏற்றி இறக்க வேண்டும். அடுத்த முகாமில் தண்ணீர் உண்டென்று உறுதியாகத் தெரிந்தால், வழிக்குத் தேவையானது மட்டும் போதும்.

காலையில் கழிவுத் தொட்டிகளைத் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியலும் பாத்திரமும் கழுவிய நீர்த் தொட்டி. பின்னால் வரும் நீர் முன்னால் போனதைக் குழாயிலிருந்து கழுவிவிடும் என்பதால்தான் இந்த வரிசை. பிறகு மின்கம்பி, சமையல் வாயு வால்வு, இணைப்புக் கொக்கி, விளக்குகள். டயர் காற்றைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஐந்தரை டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் குறையும்; கோடையில் சரியாக இருந்த டயர் இலையுதிர்காலக் காலையில் சரியாக இராது.

ஊரே என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறுகிறது. 1880களில் ஒட்டோ மியர்ஸ் என்பவர் சுரங்கங்களுக்காக மலையைக் குடைந்து போட்ட சுங்கச் சாலையின் தடத்தில்தான் இன்றும் பெரும்பாலும் போகிறோம். பல இடங்களில் ஓரத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டிகள் பனியைப் பள்ளத்தில் தள்ள வழி வேண்டும். தவிர, கம்பி நட இடமும் இல்லை. தெற்கு நோக்கிப் போகிற நமக்குக் கிடைப்பது பள்ளத்துப் பக்கத் தடம். சில கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கு 10, 15 மைல்தான். பயணத் திட்டத்தைத் திருப்பிப் போட முடியுமானால் டுராங்கோவிலிருந்து ரிஜ்வேக்கு வாருங்கள். மலைச்சுவர் பக்கமாகவே வரலாம். ஏற்றத்தில் வண்டி திணறினால் கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் என டர்போ இல்லாத என்ஜின் வலுவிழக்கும். உச்சிக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். காற்று அவ்வளவு மெலிந்துவிடுகிறது.

இரு பக்கமும் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி நிற்கும். ஒரே வேரிலிருந்து கிளைத்த மரங்கள் ஒரு கூட்டமாக வளர்வதால், ஒரு சரிவு முழுக்க ஒரே நாளில் பொன்னாகும், பக்கத்துச் சரிவு இன்னும் பச்சையாகவே இருக்கும். ஓட்டுகிறவர் இதையெல்லாம் வண்டியை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். ஒதுங்கும் இடம் வந்தால் ஒதுங்குங்கள். பின்னால் வரிசை கட்டி நிற்பவர்களுக்கும் அது வழிவிட்டதாகும்.

வழியில் வரும் சில்வர்டன் என்ற ஊரில் நிறுத்தி டீ போடலாம். 9,318 அடியில் தண்ணீர் 90 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும்; தேயிலையை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டால்தான் சாறு இறங்கும். பருப்பு வேக வேண்டுமென்றால் குக்கர் இல்லாமல் நடக்காது. டீயைக் குடித்து முடியுங்கள். அந்த நேரத்தில் பிரேக்கும் ஆறிவிடும். இனிமேல்தான் அதற்கு வேலை.

கோல் பேங்கிலிருந்து டுராங்கோவுக்கு 4,000 அடிக்கு மேல் இறக்கம். வண்டியும் டிரெய்லருமாக ஐந்து டன் என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அந்த 150 லிட்டர் தொட்டியில் பனிக்குளிராக இருக்கும் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனை வெப்பமும் எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதியைப் பிரேக்கே தாங்கவேண்டும் என்று காலை அழுத்தியபடியே இறங்கினால், அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்து, என்ஜினையே வண்டியைப் பிடித்து நிறுத்தவிட வேண்டும். வேகம் கூடினால் ஒருமுறை நன்றாக மிதித்துக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்குக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பதுதான் இதில் முக்கியம். கருகிய வாடை வந்தால் அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் இன்னொரு சுற்று வேலை: மட்டம் பார்த்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிறகுதான் இழுத்த வண்டியிலிருந்து கழற்றுவது. இதை வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்பதால் மூன்று மணிக்குள் சேரும்படி கிளம்புவது நல்லது.

முதல்முறையாக நீளமான வண்டியை மலையில் இழுப்பவரிடம் நான் இந்தச் சாலையைச் சொல்ல மாட்டேன். டெல்லுரைடு பக்கமாக லிசார்ட் ஹெட் கணவாய் வழி இருக்கிறது. உச்சி 10,222 அடி. தூரம் ஏறத்தாழ இரட்டிப்பு, ஆனால் சாலை அகலம், சரிவு மிதம், ஆஸ்பென் அங்கேயும் குறைவில்லை. செப்டம்பர் கடைசியில் பனி கொட்டுவதும் உண்டு. முந்தைய இரவு முன்னறிவிப்பில் பனி என்று வந்தால், இரண்டு வழியும் வேண்டாம். முகாமில் இன்னொரு நாளுக்குப் பணம் கட்டிவிட்டுத் தங்கிவிடுங்கள்.