உப்புக் காற்றும் புல்லட்டும்

தாமிரபரணி யுகயுகமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் சமுத்திரம் பின்வாங்கிப் போய்விட, பாண்டியரின் துறைமுகமாய்ப் பிரசித்தி பெற்றிருந்த கொற்கை இன்று கரையிலிருந்து ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஓர் எளிய கிராமமாக இருக்கிறது. முத்துக்குளிப்பும் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. நிற்காமல் இருப்பது உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தத் தேசத்துக்கு உப்பு விளைவித்துக் கொடுக்கிற பிரதேசம் தூத்துக்குடிக் கரை. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கிற அளங்களின் மேல் தவழ்ந்து வருகிற காற்று, வீட்டு ஜன்னல் கம்பிகளை எப்படி அரிக்கிறதோ அப்படியே முற்றத்தில் நிற்கிற மோட்டார் சைக்கிளையும் அரிக்கிறது. மணப்பாட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும், சில சமயம் லடாக் வரைக்கும் கூட, வண்டியோட்டிப் போய்த் திரும்புகிற வாலிபர்கள் இவ்வூர்களில் இப்போது பலர் இருக்கிறார்கள். இவர்களுடைய வாகனங்களுக்கு ஓடுகிற தூரத்தால் வருகிற தேய்மானத்தைவிட, ஓடாமல் நிற்கிற நாட்களில் வருகிற சேதமே அதிகம் என்பது வெளியூர்க்காரருக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம்.

இதன் காரணம் இரசாயனம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கசிந்து நீராகிவிடும். கடலுப்போடு கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே மழை பெய்யாவிட்டாலும், கொட்டகைக்குள் போர்வை போர்த்து நிறுத்தியிருந்தாலும், மாலையில் கடற்காற்று அடிக்கிற ஊரில் வண்டியின் மேல் படிந்த உப்பு தினந்தோறும் நனைந்துகொண்டே இருக்கிறது. போர்வை ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளுமாதலால், காற்றுப் புகாத தார்ப்பாய் போடுவதைவிடப் போடாமல் விடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். இரும்பு துருப்பிடிப்பது எல்லோரும் அறிந்தது. அலுமினியத்தால் ஆன எஞ்சின் கூட்டில் இரும்புப் போல்ட்டு இறங்கியிருக்கிற இடத்தில் நடப்பதுதான் சூட்சுமமானது: இரு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் அங்கே மிகச் சிறியதொரு மின்கலம் உண்டாகி, அலுமினியம் வெள்ளை மாவாகக் கரைந்து மரையை அடைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட்டு வராது. தலைமட்டும் ஒடிந்து கையோடு வரும்.

தோணிகள் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போய்வந்த நாட்களில் ஓடாவிகள் மரத்துக்கு மீனெண்ணெய் பூசியும், பலகை இடுக்குகளுக்குக் கலப்பற்று அடித்தும் செய்துவந்த ஊழியத்தையே, வண்டிக்குச் சொந்தக்காரன் கிரீஸைக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. எந்தப் போல்ட்டைக் கழற்றினாலும், திரும்ப மாட்டுவதற்கு முன் மரையில் ஒரு துளி கிரீஸ் தடவுவது என்ற ஒரு பழக்கம் இருந்துவிட்டால், இக்கரையில் வண்டி வைத்திருப்பதன் சிரமத்தில் பாதி குறைந்துவிடும். ஏற்கெனவே இறுகிப்போனதை எடுக்க, மண்ணெண்ணெயில் எஞ்சின் ஆயிலைக் கலந்து இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் சுத்தியலால் தலையில் இலேசாகத் தட்டி, முதலில் மயிரிழை அளவு இறுக்கி, அதன் பிறகே தளர்த்துவது பழைய பட்டறைக்காரர்களின் முறை. அவசரக்காரர்கள் முதலிலேயே தளர்த்தப் பார்த்துத்தான் ஒடித்துவிடுகிறார்கள்.

வீட்டில் வைத்துப் பழுது பார்க்கத்தக்க வண்டி என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது புல்லட். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் அதைச் செய்துவந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் பாகங்களைத் தருவித்துக் கோத்தார்கள். பிற்பாடு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் துவாரமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 346 சிசி இரும்புச் சிலிண்டர் எஞ்சின், சில்லறை மாற்றங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே வந்துகொண்டிருந்தபடியால், தகப்பனாரின் வண்டிக்கு உள்ள சாமான் மகனுடைய வண்டிக்கும் பொருந்தியது. மெக்கானிக்கின் கைக்குத் தெரிந்தது சொந்தக்காரனின் கைக்கும் தெரிந்துபோயிற்று.

உதாரணமாக டாப்பெட் சரிபார்ப்பது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆகையால் காலைவேளையே உசிதம். வலப்பக்கத்தில் ஒற்றை நட்டில் நிற்கிற மூடியைக் கழற்றினால் இரண்டு தள்ளுதண்டுகள் தெரியும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி கிக்கரை மெல்ல நகர்த்தி நிறுத்திக்கொண்டு, தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். தண்டு தடையின்றி உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் ஓடுகிறபோது டக் டக் என்று சப்தம் கேட்கும், உருள மறுத்தால் வால்வு முழுவதும் மூடாமல் சூட்டில் கருகும். ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு இல்லாமல் விரல் நுனியின் ஸ்பரிசத்தாலேயே தீர்மானிக்கிற இந்த வேலைக்கு, ஒன்றை அசையாமல் பிடிக்க, ஒன்றைத் திருக, ஒன்றைப் பூட்ட என்று மூன்று ஸ்பேனர்கள் வேண்டும். பூட்டுகிற நட்டை இறுக்கும்போது அளவு சற்றே பிசகிவிடுவது சகஜமாதலால், இறுக்கியபின் மறுபடியும் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடியை மாட்ட வேண்டும்.

இவ்வகைப் பழைய எஞ்சினில் புதியவர்களைத் திகைக்கவைக்கிற விஷயம் இன்னொன்று உண்டு. வண்டியைச் சில வாரங்கள் எடுக்காமல் வைத்திருந்து, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். ஒழுகிய அடையாளமும் தரையில் இராது. ஆயில் எங்கும் போகவில்லை. எஞ்சினோடு சேர்ந்தாற்போல் இருக்கிற தொட்டியிலிருந்து பம்பு வழியாகக் கசிந்து, கிராங்க் சுழலும் அறையில் இறங்கிக் கிடக்கும். விஷயம் தெரியாமல் மேலும் ஊற்றிவிட்டால், ஸ்டார்ட் செய்தவுடன் உபரி ஆயில் மூச்சுக்குழாய் வழியாகப் பீறிட்டு வெளியே வரும். சில நிமிஷங்கள் ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். மொத்தம் கொள்வதே இரண்டேகால் லிட்டர்.

செயினுக்கு வருவோம். திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் பக்கம் போனவர்களுக்குத் தேரிக்காடு தெரியும். செக்கச்செவேலென்று குவிந்து கிடக்கிற அந்த மணலின் நுண்துகள் ஆடிக் காற்றில் சாலைக்கு வந்து, எண்ணெய்ப் பசையுள்ள செயினில் ஒட்டிக்கொண்டு, உப்புத்தாளைப்போல் அதன் ஒவ்வொரு கணுவையும் உள்ளிருந்து ராவிவிடும். கருப்புப் பசையாகத் திரண்ட பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெயை விடுவது அந்த மணலுக்கு ஒத்தாசை செய்வதே ஆகும். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு பளபளவென்று தெரியும்வரை தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டு, பிறகு கியர் ஆயிலை உள்பக்கமாக விட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். ரப்பர் வளையம் வைத்த செயினானால் பெட்ரோலை அதன் அருகே கொண்டுபோகவே கூடாது. கீழ்வரிசையின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால், பழைய புல்லட்டுக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைவு இருந்தால் போதும். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது. ஆகவே சக்கரத்தை உருட்டி உருட்டி நாலைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடுகிற திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறி மாட்டினால் ஏதாவது தட்டிக் கழன்று, நடுவழியில் செயின் தெறித்துவிடும்.

கடற்கரைப் பிரயாணம் முடிந்து வந்ததும் வண்டியைக் கழுவ வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்பதைச் சொல்வோர் குறைவு. தூத்துக்குடிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர். அதைக்கொண்டு கழுவி வெயிலில் நிறுத்தினால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் வண்டியிலேயே தங்கும். முதற் கழுவலுக்கு அது போதும். கடைசியாக ஊற்றுகிற இரண்டு குடமாவது குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீராக இருக்கட்டும். தனுஷ்கோடியை அடுத்து 2017-இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவருகிற ஆனந்தத்துக்கு இந்த இரண்டு குடம் அதிகச் செலவன்று. சர்வீஸ் நிலையங்களில் வேகமாய்ப் பீய்ச்சுகிற தண்ணீரைச் சக்கரத்தின் அச்சுப் பக்கமும் ஹேண்டிலின் கழுத்துப் பக்கமும் அடிக்கவிடக் கூடாது. பேரிங்குக்குள் நீர் புகுந்துவிட்டால் கிரீஸ் கெட்டுப் பந்துகள் துருவேறிவிடும்.

மின்சார விஷயத்தில் உப்பின் சேஷ்டை பச்சை நிறமாகத் தெரியும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருக்கிற கம்பி இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தால் செப்புத் தகட்டின் மேல் பாசிபோல் ஒன்று பூத்திருக்கும். விளக்கு மங்குவதற்கும், ஹாரன் இருமுவதற்கும், பாட்டரி போய்விட்டது என்று பலர் புதிதாக வாங்குவதற்கும் மூலகாரணம் பல சமயம் அதுவே. பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லைன் தடவிச் சேர்த்தால் தீர்ந்தது. சட்டத்தோடு எர்த் கம்பி சேருகிற இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, எந்த விலையுயர்ந்த விளக்கை மாட்டுவதைக் காட்டிலும் முந்திச் செய்யத்தக்கது.

புதிய வண்டிகளின் கதை வேறு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் அமலுக்கு வந்தபின் பெரிய வண்டிகளில் கார்புரேட்டர் போய், சென்சார்கள் கணக்குச் சொல்ல எரிபொருளைப் பீய்ச்சுகிற முறை வந்துவிட்டது. அதில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். முற்றத்தில் உட்கார்ந்து திருப்புளியால் திருகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இதைக் குறித்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அதிகாலையில் பத்துத் தடவை உதைத்த நாட்களை மறந்துவிட்டார்கள். செயின், டயர், கேபிள், ஆயில், ஃபில்டர், பிரேக் பட்டை ஆகியவை இன்றும் வீட்டு வேலைகளே. பிரேக் திரவம் மட்டும் உப்பைப் போலவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற குணமுடையதாதலால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது அவசியம். 2023 முதல் விற்பனைக்கு வந்திருக்கிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் நீரை ஈர்ப்பதே. பழைய கார்புரேட்டர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் அதன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்த வேண்டும்.

அபிவிருத்தி என்ற பெயரில் நடக்கிற அலங்காரங்களைப் பற்றி எனக்கு அதிக மரியாதை இல்லை. சப்தம் எழுப்புகிற சைலன்சரை மாட்டி ஊரை எழுப்புவதால் பிரயாணம் சுகப்படுவதில்லை. சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. கம்பெனி நிர்ணயித்த அமைப்புக்கு விரோதமாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. உபயோகமான சேர்க்கைகள் சொற்பம்: இரும்பு ஸ்க்ரூக்களுக்குப் பதில் எவர்சில்வர் ஸ்க்ரூக்கள், அவையும் கிரீஸோடு; பழைய புல்லட்டானால் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன்; சாமான் வைக்க லடாக் கேரியர். கேரியரிலும் கனமானதைக் கூடிய மட்டும் தாழ்வாகவும், பின்சக்கர அச்சுக்கு முன்னாலும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் பின்னால் உயரத்தில் அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும்.

அதிகச் செலவில்லாத சேர்க்கை ஒன்றும் உண்டு. வழியில் அறுந்துபோகக் கூடியது கிளட்ச் கேபிள். புதியதொன்றை, பழையது போகிற பாதையிலேயே இணையாக ஓட்டி, இரு முனைகளையும் உப்பு புகாமல் டேப் சுற்றி வைத்துவிட்டால், அறுந்த இடத்தில் டாங்கைக் கழற்றாமலே ஐந்து நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு புறப்படலாம். எதை மாற்றினாலும் மறுநாளே நெடும்பயணம் கிளம்புவது உசிதமன்று. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போய்வந்தால் 80 கிலோமீட்டர். அவ்வளவு ஓட்டிச் சூடேறி, இரவில் முழுவதும் ஆறிய எஞ்சினில், நட்டுகள் எங்கெங்கே இளகியிருக்கின்றன, ஆயில் எந்த மூட்டில் கசிந்திருக்கிறது என்பது காலையில் தெரிந்துவிடும். இளகியவற்றை இறுக்கி, கசிந்ததைத் துடைத்து, இன்னொரு முறை திருச்செந்தூர் வரை ஓட்டிப் பார்த்த பிறகு சாமானைக் கட்டலாம்.