ஜீப்பை உயர்த்தப் போகிறீர்களா? முதலில் பட்டறையைப் பாருங்கள்!

தேனி மாவட்டத்தில் கொழுக்குமலை இருக்கிறது. உயரம் சுமார் 7,900 அடி. மேலே தேயிலைத் தோட்டம்.

அங்கே காரில் போக முடியாது. கேரளாவில் உள்ள சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில்தான் போக வேண்டும். பாதை எல்லாம் கல்லும் குழியும்தான். கார் போனால் அடி தட்டும். ஜீப் குலுங்கிக் கொண்டே ஏறி விடும்.

இப்படிப்பட்ட பாதைக்காகவே பிறந்த வண்டி ஜீப். இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. போருக்குப் பிறகு இந்தியாவிலும் அது ஓடியது. எஸ்டேட்டிலும் காட்டு இலாகாவிலும் பயன்பட்டது.

இப்போது குடும்பங்களும் இந்த வகை வண்டிகளை வாங்குகின்றன. 2020-ல் புதிய "தார்" வந்தது. 2023-ல் "ஜிம்னி" வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் இழுவை போகும் வகையில் வந்த வண்டிகள் இவை.

வண்டி வீட்டுக்கு வந்த மறு மாதமே ஆசை தொடங்குகிறது.

"பெரிய டயர் போடலாம்!"

"வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தலாம்!"

"முன்னால் வின்ச் மாட்டலாம்!"

சாமானை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பணம் கொடுத்தால் பெட்டியில் வந்து விடும். அதை மாட்டுவது யார்? அதுதான் கேள்வி. சாமான் நல்லதாக இருந்து, மாட்டியவர் வேலை தெரியாதவராக இருந்தால், மலை இறக்கத்தில் ஆபத்து காத்திருக்கிறது.

கேள்வி கேட்கும் கடை

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் போனதும் கடைக்காரர் விலைப் பட்டியலை நீட்டினால், கொஞ்சம் யோசியுங்கள்.

"வண்டி எங்கே ஓடுகிறது? எத்தனை பேர் போவீர்கள்? எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள்? மாதத்தில் எத்தனை நாள் மலைக்குப் போவீர்கள்?" என்று கேட்டால், அவர் வேலை தெரிந்தவர்.

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது இல்லை. மெக்கானிக்கும் அப்படித்தான்.

இன்னும் ஒரு அடையாளம் உண்டு. நல்ல கடைக்காரர் சில சமயம், "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வார். வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்பவரை நம்பலாம்.

உயர்த்தினால் என்ன ஆகும்?

வண்டியை உயர்த்தினால் அடி தட்டாது. பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் உயரம் கூடும்போது வேறு பலவும் மாறும்.

வண்டியின் பாரம் மேலே ஏறி விடும். வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் அபாயம் கூடும்.

சக்கரங்கள் நிற்கும் கோணம் மாறும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். முன் விளக்கு மேல் நோக்கி எரியும். எதிரே வருபவர் கண் கூசும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக் குழாய்.

பிரேக் எண்ணெய் ஒரு ரப்பர் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. வண்டி உயர்ந்தால் சக்கரம் இன்னும் கீழே இறங்கித் தொங்கும். பழைய குழாய் நீளம் போதாவிட்டால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது குழாய் விறைத்து இழுபடும். ஒரு நாள் அறுந்து விடும். பிறகு மிதித்தாலும் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது!

ஆகவே, "உயர்த்திய பிறகு பிரேக் குழாயை என்ன செய்வீர்கள்? அலைன்மெண்ட் எங்கே பார்ப்பீர்கள்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்ல வேண்டும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று சிரித்தால், அங்கே வண்டியை விட வேண்டாம்.

டயர் கணக்கு

பெரிய டயர் போட்டால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும்.

டயரின் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், முள் 50 கிலோ மீட்டர் காட்டும்போது வண்டி 55-ல் ஓடும். 80 காட்டும்போது 88-ல் ஓடும்.

பெரிய டயர் கனமாகவும் இருக்கும். அதை உருட்ட என்ஜின் அதிகம் உழைக்க வேண்டும். டீசல் செலவு கூடும். நிறுத்தப் பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் டயரை மட்டும் விற்கும் கடை, பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

வின்ச்சும் விளக்கும்

சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார்தான் வின்ச். சுமையோடு சேர்த்து வண்டியின் எடை எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது பொது விதி. வண்டி 2,000 கிலோ என்றால் வின்ச் 3,000 கிலோ இழுக்க வேண்டும்.

அதை எங்கே மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். வண்டியின் சேசிஸ் சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட வேண்டும். வெறும் பம்பரில் மாட்டினால், இழுக்கும்போது பம்பர் பிடுங்கிக் கொண்டு பறக்கும். நின்றவர்களுக்கு ஆபத்து!

கூடுதல் விளக்கு போடுவதும் சின்ன வேலை அல்ல. 55 வாட் விளக்கு இரண்டு போட்டால், 12 வோல்ட் பாட்டரியில் 9 ஆம்பியர் மின்சாரம் ஓடும். அதற்கு ஏற்ற கனமான வயர் வேண்டும். பியூஸ் வேண்டும். ரிலே வேண்டும். பழைய வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், வயர் சூடேறி வண்டி தீப்பிடிக்கலாம்.

பட்டறைக்குப் போனால், அவர்கள் முன்பு செய்த வயரிங்கைக் காட்டச் சொல்லுங்கள். வேலையின் சுத்தம் அங்கே தெரிந்து விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியை இஷ்டம்போல் மாற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கம்பெனி குறிப்பிட்டுப் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு சொன்னது.

அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புக்கும் தடை உண்டு. அதன் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி மோதினால் நடந்து போகிறவருக்கு அடி பலமாகப் படும். வண்டிக்குள் உள்ள காற்றுப் பையும் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம்.

ஆகவே, பட்டறைக்குப் போகும் முன்பு ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றி விட்டு, விபத்து நடந்த பிறகு பணம் கேட்டால் கம்பெனி கையை விரிக்கலாம்.

"போலீஸ் பிடித்தால் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்லும் கடைக்காரர் கோர்ட்டுக்கு வர மாட்டார். நீங்கள்தான் போக வேண்டும்!

டீலரா? தனிப் பட்டறையா?

வண்டி விற்ற டீலரிடம் ஒரு நன்மை உண்டு. கம்பெனி ஒப்புக் கொண்ட சாமானையே மாட்டுவார்கள். வாரண்டிக்குச் சிக்கல் வராது. ஆனால் அவர்களிடம் கிடைக்கும் சாமான்கள் கொஞ்சம்தான்.

தனிப் பட்டறையில் வகை அதிகம். மலைப்பாதையில் தாங்களே வண்டி ஓட்டிப் பழகியவர்களும் அங்கே இருப்பார்கள். ஆனால் அவர்கள் மாற்றிய பாகத்தால் கெடுதல் வந்தால், வண்டிக் கம்பெனி வாரண்டி தர மறுக்கலாம்.

சாதாரணத் தேவைக்கு டீலர் போதும். கடினமான பாதைக்குத் தேர்ந்த பட்டறை வேண்டும்.

கையோடு கேட்டு வாங்குங்கள்

முடிவு செய்யும் முன்பு இவற்றைக் கவனியுங்கள்:

1. அங்கே வேலை செய்து கொண்ட இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். ஒரு வருஷம் ஓட்டியவர் சொல்வதே சரியான சாட்சி.

2. டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் கருவி அது. வெறும் கை பலத்தை நம்பக் கூடாது.

3. சாமான் விலை, கூலி, வரி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை.

4. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வண்டியை விற்கும்போது பயன்படும்.

5. "திரும்ப எப்போது கொண்டு வர வேண்டும்?" என்று கேளுங்கள். சக்கர நட்டுகளை முதல் 100 கிலோ மீட்டருக்குள் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோ மீட்டரில் மறுபடி இறுக்க வேண்டும். தானாகவே இதைச் சொல்லும் பட்டறை, வண்டி வெளியே போன பிறகும் அதை நினைக்கும் பட்டறை.

வேலை முடிந்ததும் நேராக மலைக்குப் போய் விடாதீர்கள். முதலில் ஊருக்குள் ஓட்டுங்கள். காலி ரோட்டில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். வண்டி நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும்போது டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகு மனைவி மக்களை ஏற்றுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆள் தெரியாமல் வண்டியையும் விடக் கூடாது!