சொற்களின் பூர்வோத்தரம் – 9: நீலம்

நிறத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அகராதியில் ஒரு வரி போதும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் நீலத்தைக் குறிக்கும் 'ப்ளூ' என்னும் சிறு சொல்லின் கீழ், பிரபுவின் ரத்தமும், தொழிலாளியின் சட்டைக் கழுத்தும், படித்த ஸ்திரீயின் பெயரும், துயரப்படுபவனின் மனமும் ஒருங்கே இடம் பெற்றிருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றும் இவ்வர்த்தங்களை, அவை பிறந்த தேசத்தோடும் காலத்தோடும் சேர்த்து ஆராய்ந்தால், அவற்றின் அடியில் மனித உழைப்பும், அவ்வுழைப்பைச் சமூகம் மதித்த அல்லது மதியாத விதமும் கிடப்பது புலனாகும்.

'ப்ளூ ப்ளட்' என்பது ஸ்பெயின் தேசத்து வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்தது. காஸ்டில் பிரதேசத்துப் பரம்பரைப் பிரபுக்கள், தங்கள் வம்சத்தில் மூர் இனத்தாரோ யூதரோ கலந்ததில்லை என்று பெருமை பாராட்டி, அதற்குச் சாட்சியாகத் தங்கள் வெளுத்த தோலின் கீழ் நீலமாகத் தெரியும் நரம்புகளைக் காட்டினார்கள். வெயிலில் நின்று ஏரோட்டியவனுடைய கறுத்த தோலில் அந்நரம்பு அவ்வளவு தெரியாது. ஆகையால், எல்லா மனிதருக்கும் சிவப்பாகவே ஓடும் ரத்தத்திற்கு நீலம் கற்பித்த இவ்வழக்கு, குலகர்வத்தோடு உழைக்காமையையும் ஒரு சிறப்பாக்கிவிட்டது.

அதே நிறம் உழைப்பாளியின் உடைக்கும் உரியதானதற்குக் காரணம் அவுரிச் சாயம். அது பருத்தி நூலில் நன்கு பிடிக்கும். அழுக்கையும் எளிதில் காட்டாது. ஆகவே ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்பவர்களுக்கு நீல முரட்டுத் துணி ஏற்றதாயிற்று. 1920-களில் அமெரிக்காவில், உடலால் உழைப்பவர்களுக்கு அவர்களுடைய சட்டைக் கழுத்தின் நிறத்தைக் கொண்டே 'ப்ளூ காலர்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஐரோப்பாவிற்கு அச்சாயம் வங்காளத்திலிருந்து பெருமளவில் சென்ற காலத்தில், அவுரியைப் பயிரிடும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட குடியானவர்கள், 1859-ல் இனி விதைப்பதில்லை என்று கிளர்ந்தெழுந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

சாமானியரின் துணியே கல்விக்கும் ஒரு பெயர் தந்தது. 1750-களில் லண்டனில் எலிசபெத் மாண்டேகு முதலிய சீமாட்டிகள், சீட்டாட்டத்தை விலக்கி, இலக்கிய சம்பாஷணைக்காகத் தங்கள் இல்லங்களில் சபை கூட்டினார்கள். கறுப்புப் பட்டுக் காலுறையே சபைக்குரிய மரியாதை எனக் கருதப்பட்ட அந்நாளில், தாவர சாஸ்திரியான பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட் எளியவர் அணியும் நீலக் கம்பளிக் காலுறையோடு அங்கே வந்து வரவேற்கப்பட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. செல்வத்தைவிட அறிவைப் பெரிதாக மதித்த பெருந்தன்மையிலிருந்து பிறந்த 'ப்ளூ ஸ்டாக்கிங்' என்ற அப்பெயர், பிற்பாடு படித்த பெண்களை இகழும் வசைச் சொல்லாயிற்று. எபிக்டெடஸின் உபதேசங்களைக் கிரேக்கத்திலிருந்து 1758-ல் ஆங்கிலமாக்கிய எலிசபெத் கார்ட்டர் அச்சபையைச் சேர்ந்தவர் என்று அறியும்போது, அவ்வசை எத்துணை அநீதியானது என்பது விளங்கும்.

மனச்சோர்வை 'நீலப் பிசாசுகள்' பிடித்ததாகக் கூறுவது ஆங்கிலேயரின் பழைய வழக்கு. அதன் சுருக்கமான 'ப்ளூஸ்' என்னும் சொல்லை ஒரு மகத்தான சங்கீதத்தின் பெயராக உயர்த்தியவர்கள், அமெரிக்காவின் தென் மாகாணங்களில் பருத்திக் காடுகளிலும் ரயில் பாதைகளிலும் பாடுபட்ட கறுப்பின மக்கள். சட்டப்படி அடிமைத்தளை அறுந்த பின்னும் வறுமையும் அவமதிப்பும் நீங்காத அவர்கள், மேற்கத்திய ஸ்வர வரிசையின் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் சற்றே தாழ்த்தி வளைத்துப் பாடினார்கள். அந்த ஸ்வரங்களுக்கும் நீலத்தின் பெயரே வழங்குகிறது. டபிள்யூ. சி. ஹாண்டி 1912-ல் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' என்ற உருப்படியை அச்சிட்டு வெளியிட்டார். 1920-ல் மேமி ஸ்மித் பாடிய 'க்ரேஸி ப்ளூஸ்' இசைத்தட்டு ஏராளமாக விற்பனையாயிற்று.

ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்ட ரசாயன முறையினால் நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகப் பதிந்த கட்டட வரைபடம் 'ப்ளூ பிரிண்ட்' ஆனதும், பிரிட்டிஷ் பார்லிமெண்டின் அறிக்கைகள் மேலட்டையின் நிறத்தால் 'ப்ளூ புக்' ஆனதும் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதுமானவை. மனிதரை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசும் அர்த்தங்களோ அத்தகையவை அல்ல. ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்கள், அவற்றை யார், யாரை நோக்கி, எந்த நிலையிலிருந்து சொன்னார்கள் என்று விசாரித்துப் பயில்வார்களாயின், அந்நிய பாஷையோடு அதைப் பேசிய சமூகத்தின் நியாயத்தையும் அநியாயத்தையும் சேர்த்தே அறிந்தவர்களாவார்கள். அடுத்த வாரம் சிவப்பை எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)