பஞ்சுக்கும் பஞ்சமா?

திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் நினைவுக்கு வரும். பிறர் பொருள் களவு போகாமல் காத்த ஊர் அது. அந்த ஊரையும் வேடசந்தூர், நிலக்கோட்டை வட்டாரங்களையும் சார்ந்த நூற்பாலைத் தொழிலாளர், 2022-ம் ஆண்டு கோடையில், "ஆலைக்கே பூட்டு விழுந்துவிடுமோ?" என்று அஞ்சி நின்றனர். ஏன் வந்தது அந்த அச்சம்? பஞ்சு விலை!

2021 தொடக்கத்தில் ஒரு கண்டிப் பஞ்சு, அதாவது 356 கிலோ, 45 ஆயிரம் ரூபாய் அளவில் விற்றது. 2022 மே மாதத்தில் அது ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. நூல் விலை ஏறிற்று, திருப்பூர் துடித்தது. ஆண்டு முடிவதற்குள் விலை சரிந்தது. உச்ச விலையில் வாங்கி வைத்தவர் கதி? ஏறினாலும் இழப்பு, இறங்கினாலும் இழப்பு!

இந்தியாவின் நூற்புக் கதிர்களில் ஏறத்தாழப் பாதி தமிழகத்தில் சுழல்கின்றன. பஞ்சோ பெரும்பாலும் குஜராத்திலிருந்தும், மகாராஷ்டிரத்திலிருந்தும், தெலுங்கானாவிலிருந்தும் லாரியேறி வரவேண்டும். அங்குள்ள ஆலைக்காரர் தேவைப்படும்போது வாங்கலாம். நம் ஆலைக்காரரோ, மாதக்கணக்கில் இருப்பு வைத்தாக வேண்டும். அதற்குக் கடன், கடனுக்கு வட்டி. அறுவடைக் காலத்தில் பணமுள்ள வியாபாரி வாங்கிக் குவிக்கிறான். பணமில்லாத சிற்றாலை, பின்னர் அவன் சொன்ன விலைக்கே வாங்குகிறது.

"வியாபாரமென்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும்?" என்பர் சிலர். இருக்கட்டும். அந்த இறக்கத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதே நமது கேள்வி. வியாபாரி விலையில் ஏற்றுகிறான். ஆலை ஷிப்டைக் குறைக்கிறது. ஷிப்டை இழந்தவள் யாரிடம் ஏற்றுவாள்? லே-ஆப் நாட்களுக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு அரைச் சம்பளம் என்கிறது சட்டம். பதிலித் தொழிலாளிக்கு அந்த அரையும் இல்லை!

மத்திய அரசு என்ன செய்தது? 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பஞ்சுக்குச் சுங்கவரி போட்டது. அது கூடுதல் வரிகளோடு 11 சதவிகிதமாயிற்று. விலை கொதித்த பின், 2022 ஏப்ரல் நடுவில் வரியை நீக்கிற்று. கப்பல் தூத்துக்குடி வந்து சேர வாரக்கணக்காகுமே! அக்டோபரோடு சலுகை முடிந்தது. 2025 ஆகஸ்டில், அமெரிக்கா நம் சரக்கின்மீது கடும் வரி விதித்த வேளையில், மீண்டும் சில மாதச் சலுகை. வெள்ளம் வருமுன் அணை போடுவதா, வந்தபின் மண்வெட்டி தேடுவதா?

வழி இல்லாமலில்லை. இந்தியப் பருத்திக் கழகம், விளையும் காலத்தில் வாங்கும் பஞ்சில் ஒரு பகுதியைத் தமிழகக் கிடங்குகளில் வைத்துச் சிற்றாலைகளுக்கு நேரே விற்கட்டும். வங்கிகள், பருவக் கடனைக் குறைந்த வட்டிக்குத் தரட்டும். சிற்றாலைகள் கூடிக் கொள்முதல் செய்யட்டும். ஒரே இழையையும் ஒரே சந்தையையும் நம்பி நிற்பதை விடட்டும். பதிலித் தொழிலாளிக்கும் லே-ஆப் ஊதியம் உண்டென்று சட்டம் திருந்தட்டும். குடியானவன்கூட விதைநெல்லைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உலை வைக்கிறான்!

பூட்டுச் செய்த ஊருக்குச் சாவி செய்யவும் தெரியும். ஆனால் இந்தச் சாவி டில்லியிலும் வங்கியிலும் கிடக்கிறது. அடுத்த பருத்திப் பருவத்துக்கு முன் அதை எடுத்துத் தருவார்களா என்று கேட்கிறோம்.