இலவச மென்பொருளுக்குக் காவல் இருப்பவர் யார்?



லினக்ஸ் கணினியில் ஒரு கட்டளை தட்டினால் போதும், கேட்ட மென்பொருள் இறங்கி வந்துவிடும். கட்டணம் கிடையாது. "டீச்சர், அதை யாரு அங்க கொண்டுவந்து வெச்சாங்க?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாங்க, டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளத்தை வைத்துப் பார்ப்போம்.

தொகுப்பும் பராமரிப்பாளரும்

டெபியன் 1993இல் தொடங்கப்பட்டது. 2023இல் வந்த அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலான மென்பொருள்களை எழுதியவர்கள் வெளியாட்கள். அவர்களின் மூலநிரலை எடுத்து, டெபியனில் நிறுவத்தக்க வடிவில் கட்டித் தருபவரே தொகுப்புப் பராமரிப்பாளர். பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வெளியிலிருந்து வருகிறது. ஆனால் பார்த்து, கழுவி, தட்டில் வைப்பவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவரைப் போலத்தான் இவரும்.

அவர் செய்யும் வேலைகள்

1. உரிமம் பார்த்தல்: பகிரவும் மாற்றவும் அனுமதி உள்ளதா?
2. சார்புகளைக் குறித்தல்: இது இயங்க வேறு எந்தத் தொகுப்புகள் வேண்டும்?
3. ஒட்டுப் போடுதல்: டெபியனுக்குப் பொருந்தாத இடத்தில் சிறு திருத்தம் செய்தல்.
4. வழு அறிக்கைகளைக் கவனித்தல்: பயனர் சொல்லும் குறையைச் சோதித்து, மூல ஆசிரியருக்குத் தெரிவித்தல்.
5. பாதுகாப்புத் திருத்தம்: இதுதான் கடினம். 'நிலையான' பதிப்பு வெளிவந்தபின் பொதுவாகப் புதிய வசதிகளைச் சேர்ப்பதில்லை. குறை தெரிந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய நிரலில் பொருத்தவேண்டும்.

கட்டி அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடரும்.

2024இல் என்ன நடந்தது?

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட ஒரே ஒரு தன்னார்வலர்தான் அதைப் பார்த்துவந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்றார், இணைப் பராமரிப்பாளரும் ஆனார். 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் ஒரு பின்கதவு ஒளிந்திருந்தது. அதை இயக்கிவிடும் வரிகள் எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. பராமரிப்பாளர்கள் பதிவிறக்கும் வெளியீட்டுக் கோப்பில் மட்டுமே இருந்தன.

ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சுமார் அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்தார். சும்மா விடாமல் துருவிப் பார்த்தார். 2024 மார்ச் 29இல் உண்மையை வெளியிட்டார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எஸ்எச் தானாக எக்ஸ்-இசட்டைப் பயன்படுத்துவதில்லை. டெபியன் உள்ளிட்ட சில இயங்குதளங்கள் வேறொரு வசதிக்காகப் போட்ட ஒட்டு, அதை உள்ளே இழுத்துவந்தது. நல்லதுக்குப் போட்ட ஒட்டே வழியாகிப்போச்சு!

நல்லவேளை, டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. சோதனை நிலையிலேயே பிடிபட்டது. உடனே பழைய நிரலுக்குத் திரும்பினார்கள். ஆனால் பதிப்பு எண் குறைந்தால் கணினி அதைப் புதுப்பிப்பாக ஏற்காதே! அதனால் '5.6.1+ரியலி5.4.5-1' என எண்ணிட்டார்கள். 'பெயருக்கு 5.6.1, உண்மையில் 5.4.5' என்று பொருள்.

நாம் அறியவேண்டியது

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. யாராவது உட்கார்ந்து படிக்கவேண்டும். அந்த ஒருவர் தனியாகக் களைத்துப்போனால், அந்த இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. வழுவைத் தெளிவாக எழுதி அனுப்புவதும் மொழிபெயர்ப்பில் உதவுவதும்கூட அவர் சுமையைக் குறைக்கும். இதை மாணவர்களும் செய்யலாம்.

சிந்தனைக்கு

1. மூல ஆசிரியருக்கும் தொகுப்புப் பராமரிப்பாளருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நிலையான பதிப்பில் திருத்தத்தை மட்டும் சேர்ப்பது ஏன்?
3. 'நம்பிக்கையே பலம், நம்பிக்கையே பலவீனம்.' எக்ஸ்-இசட் நிகழ்வைக் கொண்டு விளக்குக.