பழைய வேன் வாங்கப் போறீங்களா? கியர் பாக்ஸையும் கொஞ்சம் கவனிங்க!



இட்லி மாவு, சாப்பாடு, காய்கறி கொண்டுபோக பழைய ஆம்னி வேன் வாங்கணும் என்று நம் உறுப்பினர்கள் சிலர் குழுவில் கடன் கேட்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. இனி கைக்கு வருவதெல்லாம் பல வருடம் ஓடிய வண்டிதான். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தேய்ந்திருக்கும்.

பல்லாவரத்தில் ஒரு அக்கா குழுக்கடனில் வேன் வாங்கி மாவு வியாபாரம் செய்தார். நாலாவது மாசம் கியர் விழவில்லை. "கியர் பாக்ஸே போச்சும்மா, 18,000 ஆகும்" என்றார் மெக்கானிக். அக்கா செயினை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். "இன்னொரு இடத்துல காட்டிட்டு முடிவு பண்ணலாம்க்கா" என்று ஊக்குநர் தடுத்தார். அங்கே பார்த்தால், கெட்டது கிளட்ச் மட்டும்தான். 5,000 ரூபாய்க்குள் வேலை முடிந்தது. செயினும் தப்பியது, தவணையும் தவறவில்லை.

சக்கரம் எப்படிச் சுத்துது?

இன்ஜின் சுற்றுவதை கிளட்ச் வாங்கி கியர் பாக்ஸுக்குக் கொடுக்கும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, ஆனால் இழுப்பது பின் சக்கரம். அதனால் நடுவில் நீளமான ஜாயிண்ட் ராடு, பின்னால் டிஃபரன்ஷியல். கிளட்ச் என்பது செருப்பு மாதிரி, தேய்ந்தால் மாற்றித்தான் ஆகணும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் போனால்தான் பெருஞ்செலவு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. தெரிந்த மெக்கானிக்கை, விற்பவருக்கு வேண்டாதவரா, கூட்டிப் போங்க.
2. மேம்பாலம் ஏற்றிப் பாருங்க. இன்ஜின் கத்துது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது.
3. எல்லா கியரும், ரிவர்ஸும் போட்டுப் பாருங்க. ஓடும்போது கியர் தானா கழன்றால் அந்த வண்டி வேண்டாம்.
4. கிளம்பும்போது "டக்" சத்தம் வந்தால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூட பின்னாலிருந்து "ஊ..." என்று வந்தால் டிஃபரன்ஷியல் அல்லது வீல் பேரிங்கைச் சந்தேகப்படணும்.
5. வண்டிக்கு அடியில் ஆயில் கசிவு இருக்கா பாருங்க.

பழுது வந்துட்டா?

இன்ஜின் ஓடும்போது கியர் விழலை, நிறுத்தினா சுலபமா விழுதுன்னா, பெரும்பாலும் குறை கிளட்ச்சில்தான். கேபிளை முதலில் பார்க்கச் சொல்லுங்க. கியர் ஆயில் அளவையும் பாருங்க. ஆயில் குறைந்தால் பல்லும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். கிளட்ச் மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது லாபம். இல்லாட்டி மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கணும், மறுபடியும் கூலி.

பெரிய வேலைன்னா இரண்டு இடத்தில் எழுத்தில் கணக்கு வாங்குங்க. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க. புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸ் வாங்கினாலும் பில் கட்டாயம்.

ஏமாந்துவிட்டால்...

வியாபாரியிடம் வாங்கிய வண்டியில் குறையை மறைத்திருந்தால் 1915-ல் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். சொந்தப் பிழைப்புக்காக ஓட்டும் வண்டி என்றாலும் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. ரசீது இல்லாமல் எதுவும் நிற்காது. ஆர்.சி. புத்தகத்தை 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியா ஒன்று: வண்டிக் கடன் கேட்கும்போது, விலையோடு ரிப்பேருக்கும் ஒரு தொகை ஒதுக்கித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வண்டி நின்றாலும் தவணை நிற்காதே! அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.